பாரம் எங்கே போனது? சிலாபக் கரையில் தெப்பமும் ஓருவும் பைபர் வள்ளமும்

வள்ளத்தின் பாரம் கடலில் தெரியாது. கரைக்கு வந்தால்தான் தெரியும். சிலாபத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மாரவிலவிலிருந்து சிலாபம் தாண்டி உடப்பு வரைக்கும் நடந்து பார்த்தால், சின்ன வள்ளங்களில் ஏராளமானவை இன்னும் வெறும் மணலில்தான் கிடக்கின்றன. போகும்போது தள்ளிவிட வேண்டும், வந்ததும் இழுத்து ஏற்ற வேண்டும். இடையில் அலை ஒன்று பக்கவாட்டில் வந்து அடித்தால் கதை முடிந்தது. ஆகவே இந்தக் கரையில் வள்ளம் பார்க்கிற எவரும் அது எவ்வளவு மீன் தாங்கும் என்பதோடு, அதை இழுக்க எத்தனை பேர் வேண்டும் என்றும் கேட்டே ஆகவேண்டும்.

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கரையின் வரலாற்றை வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறோம். கடந்த எழுபது வருடங்களில் வள்ளங்கள் இலேசாகியிருக்கின்றன. அப்படியென்றால் மீனவரின் பாரமும் குறைந்திருக்க வேண்டும், இல்லையா? குறைந்ததா?

மரத்தின் காலம்

தெப்பத்திலிருந்து தொடங்குவோம். நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி என்று இந்த வடமேற்குக் கரையெங்கும் புழங்கிய கலம் அது. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்துக்கு நெருங்கிய சொந்தம். நாலைந்து மரக்குற்றிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் தெப்பம். அதற்கு மரம் தெரிவு செய்வதே பெரிய வித்தை. கனமான வைர மரம் உதவாது. மலைவேம்பு மாதிரி இலேசான மரம் வேண்டும். சிங்களத்தில் லுனுமிதெல்ல என்பார்கள். இலேசான மரம் நன்றாக மிதக்கும், ஆனால் தண்ணீரையும் குடிக்கும். குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். அதனால் கடலால் வந்த தெப்பத்தைக் கரையேற்றி வெயிலில் காயவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகவே காயப்போடுவார்கள். மரக்கலத்தைக் காப்பாற்றிய மருந்து வெயில். இதை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் இது தலைகீழாக மாறப்போகிறது.

தெப்பத்தில் குந்தியிருக்கிறவரின் கால் எப்போதும் ஈரம். ஆனால் தெப்பம் கவிழ்ந்தாலும் தாழாது. அலைக்குள்ளால் ஏறிப் போகும். உள்ளே தண்ணீர் நிற்க இடமே இல்லாத கலத்தில் தண்ணீர் இறைக்கும் வேலையும் இல்லை.

ஓரு வேறு சாதி. ஒரே பெரிய மரத்தைக் குடைந்து அடிப்பாகம் எடுத்து, அதன்மேல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து உயர்த்துவார்கள். ஆணி கிடையாது. ஆள் ஒழுங்காக உட்காரக்கூட முடியாத ஒடுக்கம். ஒரு பக்கத்தில் மட்டும் வளைந்த இரண்டு கழிகளின் நுனியில் ஒரு மிதப்புக்கட்டை. பார்க்கிறவருக்கு "இது எப்படி நிக்கும்?" என்று தோன்றும். ஆனால் பாய் விரித்தால் அம்பு மாதிரி ஓடும். மிதப்புக்கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், திசை மாற வேண்டிய நேரத்தில் ஓருவைத் திருப்ப மாட்டார்கள். பாயை மட்டும் மறுமுனைக்கு மாற்றுவார்கள். பின்னணியம் முன்னணியமாகிவிடும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமர் பிளினி, தப்ரபேனின் கப்பல்களுக்கு இரண்டு முனையிலும் முகப்பு உண்டு என்று எழுதிவைத்தார். ஜேம்ஸ் ஹோர்னல் போன்ற படகு ஆய்வாளர்கள் அதை ஓருவோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1952இல் களனி ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த குடைமரக்கலம் ஒன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 2300 வருடம் என்று கணித்திருக்கிறார்கள்.

எரிபொருள் கணக்கு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்றால், பூச்சியம். விடியப்புறத்துக் கரைக்காற்று வெளியே கொண்டுபோகும். வெயில் ஏற எழும்பும் கடற்காற்று திருப்பிக் கொண்டுவரும். காற்று இல்லாவிட்டால் தண்டு வலிக்க வேண்டும், கை கொப்பளிக்கும். அந்த வாழ்க்கையை நாங்கள் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பாரம் முழுக்க உடம்பில் இருந்த காலம் அது.

இந்தக் கலங்களின் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். சிங்களத்தில் தெப்பம் தெப்பமவாகவும் வள்ளம் வல்லமவாகவும், மீனவர் தங்கும் வாடி வாடியவாகவும் இருக்கின்றன. சிலாபம் என்ற பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இந்தக் கரையில் வீட்டில் தமிழும் பள்ளியில் சிங்களமுமாக வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பள்ளி மாறியது, பதிவேட்டில் இனம் மாறியது. மணலில் கிடந்த கலத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

பைபர் வந்த கதை

1950களின் இறுதியில் அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்கப் புறப்பட்டது. உள் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள் தவணைக் கடனில் கொடுக்கப்பட்டன. கூடவே வெளியிணைப்பு இயந்திரங்களும் மானியத்தில் வந்தன. மூன்றரைத் தொன் படகுக்கு நிற்கத் துறை வேண்டும், மணலில் ஏற்ற முடியாது. அதனால் திறந்த கரைகளில் பெரிய மாற்றத்தைச் செய்தது அதுவல்ல, 17, 18 அடி நீளமுள்ள கண்ணாடிநார் வள்ளம். நம் வாயில் 'பைபர்'.

பைபர் செய்யும் முறை தெரியாதவர்களுக்கு: அச்சு ஒன்றின் உட்புறத்தில் முதலில் வழவழப்பான மேற்பூச்சு. அது இறுகியதும் கண்ணாடிநார்ப் பாயை விரித்து, பொலியெஸ்டர் ரெசினைப் பூசி, உருளையால் காற்றுக் குமிழை அமுக்கி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த படை, அதற்கு அடுத்த படை. இறுகியதும் அச்சிலிருந்து கழற்றினால் வள்ளம். பெரிய மரம் தேடிக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பலா தறிக்க அனுமதிக் கடிதம் தேவையில்லை. ஒரே அச்சில் நூறு வள்ளம் எடுக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டில் வேர்விட்ட கதையில் குருநகர்க்காரர் ஒருவருக்கு இடமுண்டு. அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனவர். அங்கே திரட்டிய ஆதரவோடு திரும்பிவந்து 1967இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். சீ என்றால் சிலோன், நோர் என்றால் நோர்வே. காரைநகரில் அதன் படகுத்தளம் பைபர் வள்ளங்களைக் கட்டியது. பின்னர் சீநோர் அரசின் கைக்குப் போனது. போர் அந்தத் தளத்தின் இயக்கத்தை முறித்துப் போட்டது. ஆனாலும் ஒரு காலத்தில் இந்த நாட்டு மீனவனின் கலத்தை வடக்கில் ஒரு தீவின் தொழிலாளிகள் கட்டினார்கள் என்பது மறக்கக்கூடாத செய்தி.

இன்று தெப்பமும் பைபரில் வருகிறது, உள்ளே றெஜிபோம் அடைத்து. ஓருவும் பைபரில் வருகிறது. வடிவம் பழையது, உடம்பு புதியது.

தூக்கிச் சுமக்கிறவர்களின் தேடல்

இந்த 'இலேசு' மோகம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. வட அமெரிக்காவின் ஏரிப் பகுதிகளில் கனோ எனப்படும் சிறு வள்ளத்தில் போகிறவர்களுக்கு வேறொரு கஷ்டம். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை வள்ளத்தைத் தலைகீழாகத் தோளில் வைத்துக் காட்டுக்குள்ளால் சுமக்க வேண்டும். பழங்குடி மக்கள் பேர்ச் மரப்பட்டையால் கட்டியது இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குரூமன் என்ற விமானக் கம்பனி அலுமினியத்தில் கனோ செய்து விற்றது. 17 அடிக் கனோ ஏறக்குறைய 34 கிலோ.

பிறகு வந்தது கெவ்லார். 1965இல் டூபொன்ட் கம்பனியின் ஆய்வுகூடத்தில் ஸ்ரெபனி குவொலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த நார். ரயருக்கு இலேசான, பலமான நார் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கிடைத்த கரைசல் கலங்கலாக, தண்ணீர் மாதிரி இருந்தது. அதை நூலாக இழுத்தால் இயந்திரம் அடைத்துக்கொள்ளும் என்று உடன் வேலைசெய்தவர் தயங்கினார். அவர் விடவில்லை. இழுத்துப் பார்த்தார்கள். அதே எடையுள்ள உருக்கோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு இழுவிசை தாங்கும் நார் கையில் வந்தது. குண்டு துளைக்காத அங்கிக்குப் போனது போலவே கனோவுக்கும் போனது. கண்ணாடிநாரின் அடர்த்தி 2.5 அளவில், கெவ்லாருக்கு 1.44. இன்று 18 அடி நீளமான கெவ்லார் கனோ 20 கிலோ அளவில் கிடைக்கிறது. ஒருவர் தனியாகத் தூக்கித் தோளில் வைக்கலாம். விலை 3000 டொலரைத் தாண்டும்.

அந்த வள்ளத்தை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று வாசித்தால் எங்கள் கரைக்காரருக்குச் சிரிப்பும் வரும், ஆச்சரியமும் வரும். மணலிலோ கல்லிலோ இழுக்கக் கூடாது. முழங்கால் தண்ணீரில் மிதக்கவிட்டு ஏற வேண்டும், அப்படியே இறங்கித் தூக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது, புறஊதாக் கதிர் பட்டால் கெவ்லார் மஞ்சளிலிருந்து கபில நிறமாகிப் பலம் இழக்கும். காயம் பட்டால் உரசிச் சமப்படுத்த முடியாது, நார் பஞ்சு மாதிரிப் பிரிந்து நிற்கும். வைக்கும்போது கவிழ்த்து, நிலத்தில் படாமல், நிழலில் வைக்க வேண்டும்.

பைபர் அவ்வளவு செல்லம் இல்லை. ஆனால் அதே குணம் அதற்கும் உண்டு. மணல் மேற்பூச்சைத் தின்னும். பூச்சுப் போன இடத்தால் தண்ணீர் படைகளுக்குள் இறங்கும். வெயில் ரெசினைச் சுண்ணாம்பாக்கும். தெப்பத்தை வெயிலில் காயவைத்துக் காப்பாற்றிய கரை, இப்போது வள்ளத்தின்மேல் கிடுகு போட்டு வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. மணலில் இழுக்கும்போது கீழே உருளைக் கட்டை போடுவதும், ஏராவின் நீளத்துக்கு இன்னொரு படை பைபர் ஒட்டுவதும், அமெரிக்காக்காரர் கனோவின் இரண்டு முனையிலும் தேய்வுப் பட்டை ஒட்டுவதும் ஒரே அறிவு.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே அந்த வள்ளம் விடுமுறைக்கு. பிழைத்தால் பயணம் கெடும். இங்கே பிழைத்தால் அடுப்பு எரியாது.

இறங்கிய பாரம் ஏறிய இடம்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். பைபர் வந்ததும் இழுக்கிற கைகளின் எண்ணிக்கை குறைந்தது, உண்மை. வள்ளத்தில் போகிறவர்களும் இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். தூரம் கூடியது. ஆனால் பைபர் வள்ளம் தனியாக வரவில்லை. பின்னால் என்ஜினைக் கட்டிக்கொண்டு வந்தது. பைபர் வள்ளத்துக்கு ஓருவின் மிதப்புக்கட்டையும் இல்லை, பாய்மரமும் இல்லை. என்ஜின் நின்றால் அது மிதக்கிற தொட்டி.

இலேசான வள்ளத்துக்குச் சின்ன என்ஜின் போதும் என்பது கடதாசிக் கணக்கு. கரையில் கணக்கு வேறு. முதலில் வந்து சேர்கிற மீனுக்குத்தான் நல்ல விலை. பக்கத்து வள்ளம் 15 குதிரைவலு பூட்டினால் நீங்கள் 8 குதிரைவலுவோடு நிற்க முடியாது. அவர் 25க்குப் போனால் நீங்களும் போக வேண்டும். என்ஜின் வாங்கக் காசு யாரிடம்? வங்கி வாசலில் பிணை கேட்பார்கள். மீன் முதலாளி பிணை கேட்கமாட்டார், மீனைக் கேட்பார். கடன் தீரும்வரை அவர் சொன்ன விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும். பங்கு பிரிக்கும்போதும் முதலில் எண்ணெய்ச் செலவு கழியும், பிறகு வள்ளத்துக்கும் என்ஜினுக்கும் பங்கு, மிச்சம்தான் ஆட்களுக்கு. ஆர். எல். ஸ்ரிரட் என்ற மானிடவியலாளர் சிலாபப் பகுதி மீனவரைப் பற்றி எழுதிய 'ஒன் த பீச்' நூல் 1988இல் வந்தது. மீனவரோடு மீன் விற்கும் பெண்களையும் வியாபாரிகளையும் அதன் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். இந்தக் கதையை வள்ளத்தோடு மட்டும் நிறுத்த முடியாது என்பதற்கு அதுவே போதும்.

அந்த என்ஜின் குடிப்பது மண்ணெண்ணெய். 2012 பெப்ரவரியில் அரசு ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றரை 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக்கியது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், முதல்நாள் 1420 ரூபா, அடுத்தநாள் 2120 ரூபா. மீன் விலை அந்த இரவில் கூடவில்லை. கரையோர ஊர்கள் கொதித்தன. பெப்ரவரி 15ஆம் திகதி சிலாபத்தில் வீதிக்கு இறங்கிய மீனவர்கள்மீது விசேட அதிரடிப் படை சுட்டது. ஒரு மீனவர் இறந்தார், வேறு சிலர் காயப்பட்டார்கள். பாய் விரித்துப் போன தலைமுறை காற்றின் விலைக்காக வீதிக்கு வந்ததில்லை. தோளிலிருந்து இறங்கிய பாரம் எண்ணெய்ப் பீப்பாவுக்குள் போயிருந்தது. அதன் விலையைத் தீர்மானிக்கிற மேசை கொழும்பில் இருந்தது.

பத்து வருடம் கழித்து மறுபடியும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் சரியாகக் கிடைக்கவில்லை. வள்ளங்கள் மணலில் கிடந்தன. ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த லீற்றரை 340 ரூபா ஆக்கினார்கள். அதே 20 லீற்றர்க் கணக்கைப் போட்டால் 1740 ரூபா 6800 ரூபாவானது. வலையை வீசமுன்னரே ஐயாயிரம் ரூபா நட்டம்.

இன்னொரு பாரம் வேறு கரைக்குப் போனது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் சிலாபக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் இங்குள்ளவர்கள் கிழக்குக்கும் வடகிழக்குக்கும் போய் வாடி அடிப்பது பழைய வழக்கம். பைபர் வள்ளத்தை லொறியில் ஏற்றலாம். என்ஜினைத் தோளில் வைக்கலாம். போவது சுலபமாகியது. போருக்குப் பிறகு முல்லைத்தீவின் கொக்கிளாய், நாயாறு கரைகளில் இப்படிப் போனவர்களின் எண்ணிக்கை பெருகியது என்றும், படையினரும் அதிகாரிகளும் அவர்கள் பக்கமே நிற்கிறார்கள் என்றும், தங்கள் பாடு பறிபோகிறது என்றும் அங்குள்ள தமிழ் மீனவர்கள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் வள்ளங்களும் தீக்கிரையாகின. சிலாபத்திலிருந்து போகிறவரும் கடனாளிதான், வயிற்றுக்காகத்தான் போகிறார். ஆனால் போர் முடிந்து வெறுங்கையோடு மீள்குடியேறிய ஒருவரின் கரையில் இறங்கும்போது, அவருடைய வள்ளம் வெறும் வள்ளமாக இறங்குவதில்லை. இதை எங்கள் கரையில் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டு மொழியும் தெரிந்த கரை என்று பெருமைப்படுகிறோமே, அந்த மொழியறிவுக்கு இதைவிட நல்ல உபயோகம் என்ன?

அப்படியென்றால் எதைத் தெரிவது?

மறுபடி மரத்துக்குப் போவோம் என்று சொல்கிறவர்கள் தண்டு வலித்துப் பார்க்காதவர்கள். அத்தனை ஓருவுக்கு மரமும் கிடையாது. பைபர் இருக்கத்தான் போகிறது. அதனால் தெரிவு செய்வதைப் பற்றிச் சில விசயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இலேசு என்பதும் மெலிவு என்பதும் ஒன்றல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடெங்கும் பைபர் வள்ளங்கள் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி கடலுக்குப் போகத் தகுதியற்றது என்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பே எச்சரித்தது. படை ஒன்றைக் குறைத்தால் பாரமும் குறையும், செலவும் குறையும், மேலே பூச்சு அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடல்தான் கண்டுபிடிக்கும். அச்சில் இருக்கும்போதே போய்ப் பார்க்கிற உரிமை வாங்குகிறவருக்கு வேண்டும். எத்தனை படை, ஏராவில் எத்தனை, மிதப்புக்கு உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, திருத்தக்கூடியதா என்று பார்க்க வேண்டும். பைபரின் பெரிய நன்மை அதுதான். அடிபட்ட இடத்தை உரசி, காயவிட்டு, உள்ளிருந்து ஒரு படை ஒட்டி, ஊரிலேயே சரிசெய்யலாம். கெவ்லாரில் அது இவ்வளவு இலகு இல்லை. உலகத்திலேயே இலேசான வள்ளமாக இருந்தாலும், அதைத் திருத்த ஊரில் ஆள் இல்லையென்றால் அது எங்களுக்குப் பாரம்தான்.

மூன்றாவது, செத்த வள்ளம். பழைய ஓரு உக்கி மண்ணாகும், அல்லது விறகாகும். பைபர் உக்காது. எரித்தால் நச்சுப்புகை. உடைந்த வள்ளங்கள் களப்போரத்தில் கிடந்து தூளாகி நண்டு, இறால் வளர்கிற தண்ணீரிலேயே கலக்கின்றன. விற்கும்போது இருக்கிற கம்பனியும், மானியம் கொடுக்கும்போது இருக்கிற திணைக்களமும், இந்தக் கட்டத்தில் கண்ணில் படுவதில்லை. பழைய வள்ளத்தைத் திருப்பி எடுக்கும் பொறுப்பை மானியத் திட்டத்தோடேயே சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியது சங்கங்களின் வேலை.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்த தடவை யாராவது "புது வள்ளம், படு இலேசு" என்று கொண்டுவருவார்கள். அது மின்சார என்ஜினோடு வரலாம், சூரியத் தகட்டோடு வரலாம், கெவ்லாரிலேயே வரலாம். வரட்டும், நல்லது. எத்தனை கிலோ என்று கேட்டபிறகு இதையும் கேட்போம்: இது ஓடுவதற்கு வேண்டியது யாரிடம் இருக்கிறது, அதன் விலையை யார் வைக்கிறார்கள், கடன் யார் பெயரில், நாங்கள் இதைக் கொண்டுபோய் யாருடைய கரையில் இறக்கப் போகிறோம்? 1960களில் பைபர் வந்தபோது இவற்றைக் கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால், 2012இல் சிலாபத்து வீதியில் ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டி வந்திருக்காமல் போயிருக்கலாம்.